வார்டு ஒலிபெருக்கியில் ஒரு ஸீ

இந்தக் கதையின் முக்கியமான பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வெள்ளிக்கிழமை நான் மாகாணத் தலைநகரில், 'மக்களோடு பேசுவது எப்படி' என்ற மூன்று நாள் பயிற்சியில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை எனக்குச் சொன்னவர் எங்கள் வார்டு ஒலிபெருக்கியை இயக்கும் பாய் மாமா; எங்கள் மொழியில் 'பாய்' என்றால் ஏழு. அவர் எது சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் எழுதப்படாத விதி. தள்ளிவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் காரணமான சுற்றறிக்கையை எழுதியவள் நான். அதில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை.

நான் வார்டு அலுவலகத்தின் பண்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அப்பாவும் அம்மாவும் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள். அதனால் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தால் மூன்று முறை படிப்பேன். அதில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் செய்துவிட்டால் யாரும் என்னைத் திரும்ப வாத்துக்குப் பின்னால் அனுப்ப மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

சென்ற மார்ச் மாதம் வந்த தாளின் தலைப்பு: 'சிசுக்களின் தன்னிறைவை மேம்படுத்தும் திட்டம்.' கால்வாய்களில் டயப்பர் அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் போக வழியில்லை. ஆகவே இரண்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் டயப்பரைத் துறக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது.

பத்து வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் டயப்பர் என்பது டிவியில் வரும் குழந்தைகள் போடுவது. மற்றவர்களின் குழந்தைகளை அம்மாவோ அத்தையோ தொடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காதருகில் 'ஸீஈஈ' என்பார்கள். நம்ப மாட்டீர்கள், ஒன்பது மாதக் குழந்தைகூடக் குழாய் திறந்ததுபோல் போகும். பிறகு நாகரிகம் வந்தது. டயப்பர் போடாத குழந்தையைப் பார்த்தால், "ஐயோ, இவங்கப்பாவுக்கு வேலை போயிடுச்சா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அம்மாக்கள் ஸீயை விட்டுவிட்டு, மூன்றே நாளில் குழந்தையைப் பழக்குவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்லித் தருவதைப் போனில் பார்த்தார்கள். கடைசியில் ஒரு வெளிநாட்டு ஆய்வு எங்கள் ஸீயைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு மேலிடமும் அதை நம்பத் தொடங்கியது.

எங்கள் வார்டின் துணைத் தலைவர் தோவான் என்னை அழைத்தார். நான் அதற்குள் நாற்பத்தொரு அம்மாக்களிடம் போய், அவர்கள் ஸீ சொல்வதைப் பதிவு செய்து, சராசரி நீளம் ஏழு விநாடி என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். பட்டம் வாங்கியவளுக்குக் கை சும்மா இருக்காது.

அவர் நாற்பத்தொன்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒருத்தி பல்லிடுக்கில், ஒருத்தி உதட்டைக் குவித்து, ஒருத்தி பாதியில் கொட்டாவியோடு.

"ஆளுக்கு ஒரு ராகம் போட்டா குழந்தைகள் காப்பகத்துல டீச்சர் என்ன பண்ணுவாங்க? முப்பது குழந்தை, முப்பது ராகம். கச்சேரியா நடத்துறோம்?"

"இல்ல ஐயா."

"ஒரே ராகம் வேணும். ஒரே நீளம். ஒரே நேரம்."

"ஒரே நேரத்துல எல்லாக் குழந்தைக்கும் வருமா ஐயா?"

"ஒலிபெருக்கி எதுக்கு இருக்கு? காலைல அஞ்சு மணிக்கு உடற்பயிற்சிப் பாட்டுப் போட்டா ஊரே எழுந்திரிக்குதா இல்லியா?"

எழுந்திருக்கிறது. எழுந்து ஒலிபெருக்கியைத் திட்டுகிறது. ஆனாலும் எழுந்திருப்பது உண்மை. குறித்துக்கொண்டேன்.

இப்படித்தான் 'ஒருமுகப்படுத்தப்பட்ட ஒலிச் சமிக்ஞை' பிறந்தது. தினமும் நான்கு வேளை, இருபத்திரண்டு விளக்குக் கம்பங்களிலிருந்து. அதைக் கேட்டுச் சிறுநீர் கழித்துக் காட்டும் குழந்தைக்குத் தன்னிறைவுச் சான்றிதழ். சான்றிதழ் உள்ள குழந்தைக்கே வார்டு காப்பகத்தில் இடம். மக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டோம். யாரும் வரவில்லை. 'எதிர்ப்பு ஏதும் இல்லை' என்று எழுதினேன்.

"குரல் யாரோடது ஐயா?"

"தெளிவா இருக்கணும். அரசாங்கத்தோட கம்பீரம் இருக்கணும். நீ பட்டதாரிதானே?"

"சமூகவியல் ஐயா."

"அது போதும்."

பாய் மாமாவின் அறையில் தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு ஸீ சொன்னேன்.

"இது பாம்பு, புள்ள. குழந்தை பயந்து அடக்கிக்கும்," என்றார் அவர்.

மறுபடி சொன்னேன்.

"இது வண்டி டயர் பஞ்சர்."

பதினேழாவது முறை சொன்னதும் அவர் சட்டென்று எழுந்து வெளியே போனார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "இதையே வெச்சுக்கலாம்," என்றார்.

அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன்.

"வாத்தை மடக்குற சத்தம் மாதிரியே இருக்கு. இதுக்கா நாலு வருஷம் படிச்சே? கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

முதல் சான்றிதழ்ச் சோதனை அந்த வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதைப் பார்வையிட மேலிடத்திலிருந்து நான்கு பேர் கொண்ட ஆய்வுக் குழு வருகிறது. பன்னிரண்டு குழந்தைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். நான் பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பன்னிரண்டாவது விண்ணப்பத்தோடு லுவா அக்கா வந்தாள். இறால் உறைய வைக்கும் தொழிற்சாலையில் வேலை. இடுப்பில் இருபத்திரண்டு மாதப் பையன். அவன் பெயரும் தோம், அதாவது இறால். அந்த வீட்டில் இறாலைத் தவிர வேறு நினைப்பில்லை போலும்.

"தங்கச்சி, இவனுக்கு எதுக்குச் சோதனை? ஏழு மாசத்துல இருந்து ஸீ சொல்லிப் பழக்கினேன். இப்ப அதுவும் வேணாம். அவனே சொல்றான், அவனே போறான்."

"சமிக்ஞை இல்லாமலா?"

"என்ன சமிக்ஞை? வந்தா போவான்."

நான் படிவத்தைப் பார்த்தேன். நான் வரைந்த படிவம்தான். 'சமிக்ஞை ஒலித்த நேரம்.' 'சமிக்ஞைக்குப் பின் கழித்த நேரம்.' 'அளவு.' சமிக்ஞை இல்லாமல் போவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதன் தலைப்பு 'அசம்பாவிதம்.'

"அக்கா, தானாப் போனா அது அசம்பாவிதம்னுதான் வரும்."

"அப்ப நீ போறது?"

"எனக்குப் படிவம் இல்லக்கா."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தோம் அம்மாவின் சட்டையை இழுத்தான். "ம்மா, உச்சா." இறங்கினான். கொல்லைப்புறம் நடந்து போனான். கால்சட்டையை அவனே இறக்கினான். முடித்துவிட்டு வந்து, மேஜை மேல் வைத்திருந்த அரிசி அப்பளத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எழுது."

"சமிக்ஞை ஒலிச்ச நேரம்னு என்ன எழுத?"

அவள் பையனைத் திரும்ப இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை எனக்கு ஷிஃப்ட். கேட்ல நிக்கலேன்னா என் மேஜைக்கு வேற ஆள். உள்ள நாப்பது பேர் உரிக்கிறோம், வெளிய நானூறு பேர் நிக்கிறாங்க. இவங்கப்பா படகுல போனா பதினஞ்சு நாள் ஆகும் திரும்ப. இவனை யார்கிட்ட விட்டுட்டுப் போக? சொல்லு. படிச்சிருக்கேல்ல?"

நான் அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒரு நேரத்தை எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதவில்லை. அதை நேர்மை என்று அன்று நினைத்துக்கொண்டேன். பயம் என்பதுதான் அதன் சரியான பெயர்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்கக்கா. ஒலிபெருக்கி சொல்லும்போது அவனுக்கும் வந்துட்டா போதும்," என்றேன்.

"ஒலிபெருக்கிக்குத் தெரியுமா இவன் எப்ப தண்ணி குடிச்சான்னு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இனி பாய் மாமா சொன்னது.

காலை எட்டு மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. வாசலில் நிழற்பந்தல். கொடிக்கம்பத்தின் முன் பன்னிரண்டு பச்சை நிறப் பிளாஸ்டிக் சட்டிகள், ஒரு முழ இடைவெளியில். அவற்றின் மேல் பன்னிரண்டு குழந்தைகள். பின்னால் அம்மாக்கள். ஸீ என்று எந்த அம்மாவும் தனிப்பட்ட முறையில் உதவக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருந்தார்கள். விருந்தினருக்கு ஐஸ் போட்ட தேநீர் வந்தது. பிறகு இளநீர். பிறகு, இளநீர் நன்றாக இருந்ததாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டதால், இன்னொரு இளநீர். துணைத் தலைவர் தோவானும் மரியாதைக்காக அவர்களோடு கூடவே குடித்தார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார்.

பேச்சின் நடுவில் தோம் சட்டியிலிருந்து எழுந்தான். "உச்சா" என்று சபைக்கு அறிவித்தான். வாசல் ஓரத்துப் பாதாம் மரத்தடிக்குப் போய்விட்டு வந்து, திரும்பச் சட்டியில் உட்கார்ந்தான். துணைத் தலைவர் பேச்சை நிறுத்தாமலே படிவத்தில் குறித்தார்: அசம்பாவிதம், 8.37.

லுவா அக்கா பையனின் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "குடிடா கண்ணு, குடி. சீக்கிரம் குடி," என்றாளாம். அவன் இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் பாட்டிலைத் தள்ளிவிட்டான்.

ஒன்பது மணிக்கு என் குரல் வார்டு முழுவதும் ஒலித்தது. ஏழு விநாடி ஸீ. மூன்று விநாடி அமைதி. மறுபடி ஸீ.

ஒரு சட்டியிலும் சத்தமில்லை. ஒரு குழந்தை தூங்கிவிட்டது. ஒரு குழந்தை விருந்தினர் கழுத்துத் துண்டைக் கேட்டு அழுதது. இன்னொன்று சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. டயப்பரில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது வெறும் சத்தம்.

பாய் மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதீங்க. பலன் கிடைக்கும் வரைன்னு சுற்றறிக்கையில இருக்கு."

இருக்கிறது. பத்தி ஆறு. நான்தான் எழுதினேன்.

ஸீ தொடர்ந்தது. மூன்றாவது நிமிடம் எதிரே நூடுல்ஸ் விற்கும் அம்மாள் கொதிக்கும் சாற்றை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். சாலையில் போன மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓட்டி வந்த ஆண்கள் கால்வாய்க் கரையில், கால்வாயைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். அது வரவேற்பு அணிவகுப்பின் ஒரு பகுதி என்று நினைத்துக் குழுவில் ஒருவர் படம் எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு அவரும் போய் நின்றார்.

யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இருபது வயது தாண்டிய எல்லோரும் இந்தச் சத்தத்தைக் காதருகில் கேட்டு வளர்ந்தவர்கள். பள்ளியில் படித்தது மறந்துபோனது. இது மறக்கவில்லை.

குழுவில் இருந்த பெண்கள் இருவர் அலுவலகக் கழிப்பறைக்குப் போனார்கள். வெளியே ஊழியர்களின் வரிசை ஏற்கெனவே மாடிப்படி வரை இருந்தது. குழுத் தலைவர் எழுந்து நின்று, அடுத்த கட்டிடத்தில் இருக்கும் காப்பகத்தின் சுகாதார வசதிகளை உடனடியாக, தனியாக ஆய்வு செய்ய விரும்புவதாகச் சொன்னார். யாரோ ஓடிப் போய் ஏற்பாடு செய்தார்கள்.

துணைத் தலைவர் மட்டும் பந்தலில் நின்றார். விருந்தினர் திரும்பும்போது வரவேற்க ஆள் வேண்டும் அல்லவா? கையிலிருந்த ஃபைலை முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை ஒட்டி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. "நிறுத்துங்க" என்று கத்தியிருக்கலாம். ஆனால் பலன் இன்னும் கிடைக்கவில்லையே.

அவர் நிற்கும் விதத்தின் பொருள் அங்கே ஒருவனுக்கு மட்டும் உடனே புரிந்தது. தோம் சட்டியிலிருந்து எழுந்து வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"உச்சா?"

தோம் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவர் பின்னாலேயே போனார். பாதாம் மரத்துக்குப் பின்னால், 'இங்கே சிறுநீர் கழிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அவரே கையெழுத்திட்டு வைத்த பலகைக்கு நேர் கீழே, தோம் இடத்தைக் காட்டினான். பிறகு நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டான். பாய் மாமா அப்போதுதான் ஒலிபெருக்கியை அணைத்தாராம். பலன் கிடைத்துவிட்டது.

துணைத் தலைவர் திரும்பியபோது லுவா அக்கா படிவத்தையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"எழுதிக்குங்க ஐயா. சமிக்ஞை ஒன்பது மணி. கழிச்சது ஒன்பதே பத்து."

"யாரு கழிச்சது?"

"யாருன்னு கேக்க இதுல கட்டம் இல்லையே ஐயா."

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். உண்மையிலேயே இல்லை.

"அளவு?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

நிரப்பினார். மற்ற பதினொரு அம்மாக்களுக்கும் கண் இருந்தது. அவர்களும் படிவத்தோடு வரிசையில் வந்தார்கள். பன்னிரண்டு குழந்தைகளும் தேர்ச்சி. எல்லோருக்கும் ஒரே நேரம், 9.10. துணைத் தலைவர் கேட்ட ஒருமுகம் முழுமையாகக் கிடைத்தது.

திங்கட்கிழமை நான் வந்தபோது பன்னிரண்டு சான்றிதழ்களும் முத்திரைக்காக என் மேஜையில் இருந்தன. குத்தினேன். லுவா அக்கா அன்று காலை தன் மேஜையில் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்தது. 'பங்கேற்றோரிடம் எதிர்பார்த்ததைவிடச் சிறந்த பலன். மற்ற வார்டுகளுக்கும் விரிவுபடுத்தலாம். சமிக்ஞையின் குரல் மிகச் சிறப்பு.' எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. சட்டம் போட்டு அம்மாவுக்கு அனுப்பினேன்.

இதில் எவ்வளவு உண்மை என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தள்ளினாலும் மீதி அதிகமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து, ஏதோ ஒரு கணக்கெடுப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். அடுத்தடுத்த சோதனைகளில் தேறியவர்களையும் சேர்த்து முப்பத்தொரு குழந்தைகள் பாயில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் டயப்பர். தோமுக்கும்.

"என்ன டீச்சர் இது? எல்லாருக்கும் சான்றிதழ் இருக்கே?"

"இருக்கு தங்கச்சி, பத்திரமா ஃபைல்ல இருக்கு. குழந்தைங்க முப்பத்தொண்ணு, நாங்க ரெண்டு பேரு. ஒலிபெருக்கி ஸீன்னதும் முதல்ல எங்களுக்குத்தான் வருது. நாங்க ஓடிட்டா இதுங்களை யாரு பாக்குறது?"

"இவன் தானாப் போவானே."

"சொல்றான், பாவம். முதல் வாரம் பூரா சொல்லிட்டே இருந்தான். எங்க போவான்? பூட்டியிருக்கு."

தோம் என் விரலைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினான். குழந்தைகளுக்கான கழிப்பறை. குட்டிக் கதவு, கதவில் டால்ஃபின் படம், கதவில் பூட்டு. ஆய்வு வரும்போது சுத்தமாக இருக்க வேண்டும் என்று பூட்டியது. சாவி எங்கே என்று கேட்டேன்.

"ஆபீஸ்லதான். பண்பாட்டுப் பிரிவுல இருக்குன்னு சொல்லுவாங்க."

திரும்பி வந்து தேடினேன். என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில், பழைய முத்திரைகளுக்கு அடியில் இருந்தது. பதினான்கு மாதமாக நான் தினமும் திறந்து மூடும் இழுப்பறை. சாவியோடு ஒரு பதிவேடும் இருந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தச் சாவி ஒரே ஒரு முறைதான் வெளியே போயிருக்கிறது: அந்த வெள்ளிக்கிழமை, எடுத்த நேரம் 9.06, திருப்பிக் கொடுத்த நேரம் 9.14, காரணம் 'ஆய்வு.'